கான்ட்ரா கணக்கை டேலியில் எந்தக் குரூப்பில் வைப்பது?

கணக்கு தெரிந்த அண்ணன்கள், அக்காக்கள் எல்லோருக்கும் வணக்கம். கடலூர் முதுநகரில் ஒரு ஐஸ் கம்பெனியில் கணக்கு எழுதுகிறேன். கான்ட்ரா என்றாலே எனக்கு டேலி கணக்கு மென்பொருளில் எஃப்4 கீ, ரொக்கத்தை பேங்கில் கட்டும் எதிர்ப்பதிவு, அவ்வளவுதான். இப்போது ஆடிட்டர் கேட்பது வேறு: ஒரு கணக்கோடு ஒட்டிக்கொண்டு அதன் தொகையைக் குறைத்துக் காட்டும் கணக்கு.

ஐஸ் உடைக்கும் மிஷின் 4,00,000 ரூபாய். மூன்று வருடத் தேய்மானம் 1,20,000. முன்பெல்லாம் மிஷின் கணக்கிலேயே கழித்துவிடுவேன். இப்போது மிஷின் 4,00,000 பற்றாகவே நிற்க, திரண்ட தேய்மானம் தனி லெட்ஜரில் 1,20,000 வரவாக நிற்கிறது. நிகரம் 2,80,000. வாங்கிய விலையும் தேய்ந்ததும் தனித்தனியே தெரிவதால் இந்த முறை எனக்குப் பிடித்தும்விட்டது. லெட்ஜரை நிலைச் சொத்து குரூப்பிலேயே வைத்தேன், சரியாகக் கழிகிறது.

சிக்கல் ஐயக்கடன் ஒதுக்கில்தான், அதாவது வராமல் போகலாம் என்று நினைக்கும் பாக்கிக்காக ஒதுக்கி வைக்கும் தொகையில். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம். படகுகள் கரையில் கிடக்கும், கடனுக்கு எடுத்த பார் ஐஸ் பாக்கியும் அப்படியே கிடக்கும். மொத்த பாக்கி 6,50,000, ஒதுக்கு 50,000. புரொவிஷன்ஸ் குரூப்பில் போட்டால் பொறுப்புப் பக்கம் போய் உட்கார்ந்துவிடுகிறது. பாக்கிதாரர்கள் குரூப்பான சன்ட்ரி டெப்டார்ஸில் போட்டால் படகுக்காரர்கள் பட்டியலில் அதுவும் ஒரு பார்ட்டி மாதிரி நிற்கிறது. டெப்டார்ஸ் கீழே தனி சப்-குரூப் திறக்கலாமா? நீங்கள் எப்படி வைத்திருக்கிறீர்கள்?

அப்புறம், வராது என்றே முடிவான பாக்கியை எழுதித் தள்ளும்போது ஒதுக்கைப் பற்று வைத்து, அந்தப் படகுக்காரர் கணக்கை வரவு வைத்தால் போதும்தானே? வெள்ளிக்கிழமை ஆடிட்டர் வருகிறார். அதற்குள் யாராவது சொன்னால் பெரிய உதவி.