1919இன் 'இரட்டை ஆட்சி'க்கு வேறு சொல் வேண்டும்

கோவையிலிருந்து:

நண்பர்களுக்கு வணக்கம். கல்லூரி முதலாண்டு வரலாற்றுப் பாடம் ஒன்றைத் தமிழாக்கிக்கொண்டிருக்கிறேன், வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. ஒரு சொல்லில் வந்து முட்டி நிற்கிறேன். 1765இல் கிழக்கிந்தியக் கம்பெனியின் கிளைவ் வங்காளத்தில் ஏற்படுத்தியதையும் 'இரட்டை ஆட்சி' என்கிறோம், 1919 இந்திய அரசுச் சட்டம் மாகாணங்களில் கொண்டுவந்த டயார்க்கியையும் 'இரட்டை ஆட்சி' என்கிறோம். இரண்டும் வேறு வேறு. வங்காளத்தில் வரி வசூலிக்கும் திவானி உரிமை கம்பெனியிடம், நிர்வாகச் சுமை நவாப் தலையில். சென்னை மாகாணத்தில் ஆளுநர் ஒருவர், கருவூலம் ஒன்று, துறைகளைத்தான் இரண்டாகப் பிரித்தார்கள். காவல், நிதி, நிலவரி, நீர்ப்பாசனம் ஆளுநரின் நிர்வாகக் குழுவுக்கு. கல்வி, பொதுச் சுகாதாரம், உள்ளாட்சி, வேளாண்மை, கலால் (மது வரி) ஆகியவை சட்டமன்றத்துக்குப் பதில் சொல்ல வேண்டிய அமைச்சர்களுக்கு. இப்படி இரண்டுக்கும் ஒரே பெயர் வைத்துவிட்டு, மாணவர் குழப்பி எழுதினால் மதிப்பெண்ணைக் குறைப்பது நியாயமா?

கூடவே இன்னொன்று. ஆளுநர் பக்கம் நின்ற முதல் வகையை 'ஒதுக்கப்பட்ட துறைகள்' என்றும், அமைச்சர்களிடம் போனவற்றை 'மாற்றப்பட்ட துறைகள்' என்றும் எழுதுகிறோம். ஒதுக்கியது என்றால் வேண்டாமென்று தள்ளியது என்றும் பொருள் வருகிறதே? ஆளுநர் இறுக்கிப் பிடித்துக்கொண்டவை அல்லவா அவை!

தஞ்சாவூரிலிருந்து:

நல்ல கேள்வி. 'இரட்டை' என்பதே இங்கே பொருந்தாது. ஒன்றைப் போலவே இன்னொன்று இருந்தால்தான் இரட்டை. இரட்டைக்கிளவியில் அதே சொல்தான் மீண்டும் வருகிறது. 1919இல் ஒரு பாதிக்குப் பணமும் காவலும், மறு பாதிக்குப் பள்ளிக்கூடமும் மருத்துவமனையும், இதில் இரட்டை எங்கே இருக்கிறது? எண்ணுப்பெயர்ப் புணர்ச்சிப்படி இரு + ஆட்சி = ஈராட்சி, ஈராண்டு போல. இலக்கணம் சுத்தம். ஆனாலும் எனக்கு அதைவிடப் பகுப்பாட்சி பிடித்திருக்கிறது. பகு என்ற வேர் எவ்வளவு தூரம் போகிறது பாருங்கள்: பகுதி, பங்கு, பாதி, பாத்தி, பால், ஏன், பகல், பகை கூட அதில் வந்தவைதாம் என்பது என் எண்ணம். பிரிந்து நிற்பதுதானே பகை? குறளில் வரும் 'பாத்தூண்' பகுத்து உண்பது. சோழர் காலத்து மிழலைக் கூற்றம், ஆவூர்க் கூற்றம் போன்ற நிலப் பிரிவுப் பெயர்கள் எல்லாம் கூறு என்பதிலிருந்து வந்தவை, ஆகவே கூறாட்சி என்றும் சொல்லலாம்.

விருதுநகரிலிருந்து:

ஐயா, பகலும் பகையும் இருக்கட்டும். நான் பன்னிரண்டாம் வகுப்புக்குப் பாடம் நடத்துகிறவள். 'ஈராட்சி' என்று கரும்பலகையில் எழுதினால் பிள்ளைகள் ஈரத்துக்குப் போய்விடுவார்கள். போட்டித் தேர்வு எழுதுகிறவர்களுக்கு இரட்டை ஆட்சிதான் தெரியும், வினாத்தாளிலும் அதுதான் வரும். 'வங்காள இரட்டை ஆட்சி', 'மாகாண இரட்டை ஆட்சி' என்று முன்னொட்டு போட்டால் தீர்ந்தது.

சொல்லைவிட எனக்குக் கவலை வேறு. பாடநூலில் துறைப் பட்டியல் மட்டும் இருக்கிறது, அது எப்படி நடந்தது என்பது இல்லை. நீதிக்கட்சியின் முதல் அமைச்சரவையில் வளர்ச்சித் துறையைக் கவனித்த கே.வி. ரெட்டி நாயுடு பின்னால், இந்த முறை எப்படி நடக்கிறது என்று ஆராய்ந்த முடிமன் குழு முன் சாட்சியம் சொன்னாரே, வளர்ச்சி அமைச்சர் நான், காடுகள் என்னிடம் இல்லை. வேளாண்மை அமைச்சர் நான், பாசனம் என்னிடம் இல்லை. தொழில் அமைச்சர் நான், தொழிற்சாலையும் மின்சாரமும் என்னிடம் இல்லை என்ற பொருளில். அதைப் படித்துக் காட்டினால் வகுப்புக்குச் சட்டென்று புரிகிறது. இன்னொரு சிக்கலும் உண்டு. கலால் அமைச்சர்களிடம் வந்தது, கல்வியும் அவர்களிடமே வந்தது. மதுவிலக்கு வேண்டும் என்றால் பள்ளிக்கூடத்துக்கான பணம் போய்விடும்! நிதித் துறையோ மறுபக்கம். அப்படியிருந்தும் 1921இல் பெண்களுக்கு வாக்குரிமைத் தீர்மானம், பனகல் அரசர் காலத்தில் இந்து அறநிலையச் சட்டம் என்று இந்த அரைகுறை அதிகாரத்தை வைத்துக்கொண்டே செய்தார்கள். இதையெல்லாம் சொல்லாமல் சொல்லை மட்டும் மாற்றி என்ன பயன்?

யாழ்ப்பாணத்திலிருந்து:

எங்கட பக்கத்து அனுபவத்தையும் பாருங்கோ. 1931 டொனமூர் யாப்பில், அதாவது பிரிட்டிஷ் ஆட்சியில் இலங்கைக்கு வந்த அரசமைப்பில், ஏழு அமைச்சர்கள் உள்ளூர்க்காரர், ஆனால் பிரதம செயலாளர், சட்டச் செயலாளர், நிதிச் செயலாளர் மூவரும் தேசாதிபதியின் (ஆளுநரின்) ஆட்கள். பூரண சுயராச்சியம் இல்லை என்றுதான் யாழ்ப்பாணத்தில் அந்தத் தேர்தலையே பகிஷ்கரித்தார்கள். இங்கே கேள்வி எத்தனை ஆட்சி என்பதல்ல, யார் யாருக்குப் பொறுப்பு என்பதுதான். 'அரைப் பொறுப்பாட்சி' என்று வைத்தால் என்ன?

கோவையிலிருந்து:

அது அழகாக இருக்கிறது, ஆனால் டொனமூருக்கும் அதுவே பொருந்துகிறது. மறுபடி ஒரே பெயரில் இரண்டு ஏற்பாடு. (யாப்பா அரசமைப்பா என்ற சண்டையை இன்னொரு நாள் வைத்துக்கொள்ளலாம்.)

தஞ்சாவூரிலிருந்து:

அம்மா, ஈராண்டு என்றால் எந்தப் பிள்ளையும் ஈரத்தை நினைப்பதில்லையே? சொல்லிக்கொடுத்தால் வராதா? வினாத்தாளில் வரும் என்பதற்காகத் தவறான சொல்லைக் காப்பாற்றினால் நாளைய வினாத்தாளிலும் அதுதான் இருக்கும்.

விருதுநகரிலிருந்து:

சொல்லிக்கொடுக்கலாம் ஐயா, ஒரு வகுப்பில். மாநிலம் முழுக்க யார் சொல்லிக்கொடுப்பது?

கோவையிலிருந்து:

சரி, அச்சகத்திலிருந்து தொலைபேசி வந்துவிட்டது. தனிமடல்களையும் சேர்த்துப் பார்த்தால் பெரும்பாலோர் 'மாகாண இரட்டை ஆட்சி' பக்கம். தலைப்பில் அதையே வைக்கிறேன். முதல் பத்தியில் 'துறைப் பகுப்பாட்சி என்றும் சொல்லலாம்' என்று ஒரு வரி சேர்க்கிறேன். ஒதுக்கப்பட்ட, மாற்றப்பட்ட இரண்டையும் எடுத்துவிட்டு 'ஆளுநர் வசத் துறைகள்', 'அமைச்சர் வசத் துறைகள்' என்று போடுகிறேன். இதற்கு யாரும் மறுப்புச் சொல்லவில்லை.

தஞ்சாவூரிலிருந்து:

ஆளுநர் வசம், அமைச்சர் வசம் இரண்டும் நன்று. தலைப்பை மட்டும் நான் ஏற்கவில்லை. 1935 சட்டம் மாகாணங்களில் இந்த முறையை எடுத்துவிட்டு மத்திய அரசில் வைக்கச் சொன்னது. பாதுகாப்பு, வெளியுறவு போன்றவை தலைமை ஆளுநர் வசம், மற்றவை அமைச்சர் வசம். நடைமுறைக்கு வரவில்லை, ஆனால் அடுத்த அதிகாரத்தில் அதை நீங்கள் எழுதியாக வேண்டும். மத்தியில் வருவதை 'மாகாண இரட்டை ஆட்சி' என்று எப்படி எழுதுவீர்கள்? பகுப்பாட்சி என்றால் இரண்டு இடத்திலும் நிற்கும்.