எச்4 விசாவில் இருந்தவர்கள் கொஞ்சம் சொல்லுங்கள்

எல்லாருக்கும் வணக்கம். திருச்சியில் ஏழு வருடம் பிளஸ் டூ பிள்ளைகளுக்கு இயற்பியல் எடுத்தேன். கணவரின் வேலைக்காக எச்4 விசாவில் (அமெரிக்காவில் எச்1பி போன்ற வேலை விசாவில் இருப்பவரின் குடும்பத்துக்கான விசா) டாலஸ் வந்து இரண்டு வருடம் ஆகிறது. அவருடைய ஐ-140 (கிரீன் கார்டுக்காக நிறுவனம் போடும் மனு) இன்னும் ஒப்புதல் ஆகவில்லை. அதனால் 2015-இல் வந்த விதிப்படி வேலை அனுமதிக்கு நான் இப்போது விண்ணப்பிக்க முடியாது. படிக்கத் தடையில்லை, ஆனால் கட்டணத்தை நினைத்தால் தயக்கம்.

பணம்கூட இரண்டாம்பட்சம்தான். போன வாரம் ஒரு படிவத்தில் 'தொழில்' என்ற இடத்தில் என்ன எழுதுவதென்று தெரியாமல் வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். ஊரில் கடைக்குப் போனாலே "டீச்சர்" என்று கூப்பிடுவார்கள். அந்தக் குரல் இங்கே இல்லை.

சம்பளமில்லாமல் தமிழ்ப் பள்ளியிலோ நூலகத்திலோ சொல்லிக்கொடுத்தவர்கள் இருக்கிறீர்களா? யாரை முதலில் போய்ப் பார்த்தீர்கள்? அப்புறம், வேலை தேடும்போது இந்த இடைவெளியை ரெஸ்யூமில் எப்படி எழுதினீர்கள்? டாலஸ் பக்கம் இருப்பவர்களை நேரில் பார்த்துப் பேசவும் ஆசை.