பழைய பிரிட்டிஷ் ட்ரையல்ஸ் வண்டிகள்: தேடியவர்களும் பார்த்தவர்களும் எழுதுகிறோம்

கவென்ட்ரியிலிருந்து

என்னிடம் ஒரு ட்ரையம்ஃப் டைகர் கப் இருக்கிறது. 199 சிசி, சின்ன வண்டி. அதன் பூர்வீகத்தைத் தேடிப் போன கதையை எழுதுகிறேன். இந்த வகை வண்டிகளோடு பழக்கம் உள்ளவர்கள் உங்கள் கதையையும் சேருங்கள்.

ட்ரையல்ஸ் பற்றித் தெரியாதவர்களுக்காகக் கொஞ்சம். இது வேகப் போட்டி இல்லை. பாறை, ஓடை, சேறு, செங்குத்து மேடு என்று கயிறு கட்டிக் குறித்த இடங்களைக் கால் தரையில் படாமல், வண்டி நிற்காமல் கடக்க வேண்டும். அந்தக் காலக் கணக்கில் ஒரு தடவை கால் ஊன்றினால் 1 புள்ளி போகும், பல தடவை ஊன்றினால் 3, நின்றுபோனால் 5. குறைவாக இழந்தவர் ஜெயித்தார். ஸ்காட்லாந்தின் ஆறு நாள் போட்டிதான் இதில் பெரியது. 350, 500 சிசி வண்டிகள் ஆண்டுகொண்டிருந்த அந்தப் போட்டியை 1959-இல் ராய் பெப்லோ ஒரு டைகர் கப்பில் வென்றார். டைகர் கப் வண்டி மேல் எனக்கு ஆசை வந்ததே அதனால்தான்.

என் வண்டியை விற்றவர், கம்பெனியே ட்ரையல்ஸுக்கென்று செய்த டிஆர்20 மாடல் இது என்றார். மெரிடனில் இருந்த ட்ரையம்ஃப் தொழிற்சாலையில் ஃபிரேமிலும் என்ஜினிலும் ஒரே நம்பரைத்தான் அடிப்பார்கள். என் வண்டியில் எண்கள் ஒத்துப்போயின. ஆனால் என்ஜினில் எண்களுக்கு முன்னால் மாடலைக் காட்டும் எழுத்துகள் மட்டும் ஆழம் குறைவாக, சற்றே சாய்ந்து நின்றன. சந்தேகம் வந்ததால் விலையைப் பேசிக் குறைத்தே வாங்கினேன்.

அப்புறம் பர்ட்டன் அபான் ட்ரெண்டில் இருக்கும் விண்டேஜ் மோட்டார் சைக்கிள் கிளப்புக்கு இரண்டு நம்பர்களையும் படமெடுத்து அனுப்பினேன். ட்ரையம்ஃப் அனுப்புகைப் பேரேடுகளை அவர்கள் பாதுகாக்கிறார்கள். எந்த நம்பர் வண்டி, என்ன மாடல், எந்தத் தேதியில், எந்த டீலருக்குப் போனது என்று அதில் இருக்கும். பதில் வந்தது. 1959-இல் ஷெஃபீல்டு டீலர் ஒருவருக்குப் போன சாதாரண ரோடு மாடல் டி20.

பலர் இந்த இடத்தில் தேடலை நிறுத்திவிடுவார்கள். ஆனால் வண்டியோடு வந்த உறையில் பழுப்பு நிறத்தில் ஒரு பழைய பதிவுப் புத்தகம் இருந்தது. உரிமையாளர் மாறும்போதெல்லாம் கவுன்சில் அலுவலகத்தில் பெயரையும் விலாசத்தையும் எழுதி முத்திரை குத்திக் கொடுத்த புத்தகம். இரண்டாவது உரிமையாளரின் விலாசம் டெர்பிஷயரில் ஒரு கிராமம். அங்கே கடிதம் போட்டேன். அவர் காலமாகிவிட்டார், ஆனால் தம்பி அதே தெருவில் இருந்தார். வரச்சொன்னார், போனேன்.

அவர் காட்டிய கறுப்பு வெள்ளைப் படத்தில் என் வண்டியின் நம்பர் பிளேட் தெளிவாகத் தெரிகிறது. அண்ணன் ஓடைக்கு நடுவே எழுந்து நின்று ஓட்டுகிறார், இரண்டு காலும் ஃபுட்ரெஸ்டில். அண்ணன் நிலக்கரிச் சுரங்கத்தில் ஃபிட்டராம். ஞாயிறு காலையில் இதே வண்டியில் போட்டி இடத்துக்குப் போவார். ஹெட்லைட்டைக் கழற்றிப் புல்லில் வைத்துவிட்டு நாள் முழுக்க ஓட்டுவார். சாயங்காலம் திரும்ப மாட்டிக்கொண்டு வீட்டுக்கு வருவார், திங்கட்கிழமை வேலைக்கும் அதிலேயே போவார். பின்னால் தள்ளி வெல்டு வைத்த ஃபுட்ரெஸ்ட், என்ஜினுக்கு அடியில் இரும்புத் தகடு, பெரிய பின் ஸ்ப்ராக்கெட், 21 அங்குல முன் சக்கரம், எல்லாம் அவர் கைவேலை.

டிஆர்20 இல்லை என்று தெரிந்ததில் எனக்கு வருத்தமே இல்லை. ஐம்பது, அறுபதுகளில் வார இறுதியில் ட்ரையல்ஸ் ஓட்டியவர்களில் பெரும்பாலோர் இப்படிப்பட்டவர்கள்தான். கம்பெனி வண்டி வாங்க வசதியில்லாமல் ரோடு வண்டியை வெட்டி ஒட்டினார்கள். அந்த வெட்டும் ஒட்டும்தான் வண்டியின் வரலாறு. அந்த எழுத்துகளை மாற்றி அடித்தவர், வெளியே பெயர் தெரியாத அந்தச் சுரங்கத் தொழிலாளியைத்தான் அழிக்கப் பார்த்தார்.

லண்டனிலிருந்து

கவென்ட்ரி அண்ணை, படத்தில் நம்பர் பிளேட் தெரிந்தது பெரிய அதிர்ஷ்டம். பிரிட்டனின் பழைய நம்பர்களில் கடைசி இரண்டு எழுத்துகள் எந்தக் கவுன்சிலில் பதிந்தது என்று சொல்லிவிடும். ட்ரையல்ஸ் ஆட்களுக்கு மனப்பாடமான மூன்று நம்பர்களை எடுங்கள். ஜிஓவி 132, ஏரியல். ஓவி என்றால் பர்மிங்காம், ஏரியல் தொழிற்சாலை அங்கே செல்லி ஓக்கில் இருந்தது. எச்என்பி 331, ராயல் என்ஃபீல்டு. என்பி என்றால் வூஸ்டர்ஷயர், என்ஃபீல்டு தொழிற்சாலை இருந்த ரெடிச் அந்த மாவட்டம்தான். 187 பிஎல்எஃப், ஏஜேஎஸ். எல்எஃப் லண்டன், ஏஜேஎஸ் செய்தது பிளம்ஸ்டெட்டில். கம்பெனி அணிக்குக் கொடுத்த வண்டியைத் தொழிற்சாலை தன் பக்கத்துக் கவுன்சிலில்தான் பதிந்தது. ஒருவர் ஏரியல் அணி வண்டி என்று கொண்டுவந்து, அதில் கார்ன்வால் எழுத்துகள் இருந்தால், நான் இரண்டு தரம் யோசிப்பேன்.

அந்த 187 பிஎல்எஃப்தான் 1961 ஸ்காட்டிஷ் போட்டியில் கோர்டன் ஜாக்சன் ஓட்டியது. ஆறு நாளும் மலையில் ஓட்டி மொத்தமே ஒரு புள்ளி இழந்தார். ஒரேயொரு முறை கால் பட்டது, அதையும் ஒரு படப்பிடிப்பாளர் பிடித்துவிட்டார்.

ஜிஓவி 132-ஐ நியூ மில்டனில் சாமி மில்லர் அருங்காட்சியகத்தில் பார்த்தேன். மகனையும் கூட்டிக்கொண்டு போனேன். அவனுக்கு மற்ற வண்டிகளின் பளபளப்புப் பிடித்தது, நான் இந்த ஒன்றின் முன்னாலேயே நின்றேன். பெல்ஃபாஸ்டில் பிறந்த மில்லர் 1959-இலிருந்து 1969 வரை 11 வருடமும் பிரிட்டிஷ் சாம்பியன். அவருடைய 500 சிசி ஏரியல் எச்டி5 முதலில் கனமான வண்டிதான். வருடா வருடம் ஒவ்வொரு பாகமாக மாற்றி, ரெனால்ட்ஸ் குழாயில் புது ஃபிரேம் செய்து, சுமார் 110 கிலோவுக்குக் கொண்டுவந்தார். அப்படியென்றால் அதில் "அசல்" எது? தொழிற்சாலையை விட்டு வந்த அன்றைய வடிவத்துக்கு அதைத் திருப்பினால் மில்லரின் ஏரியல் அங்கே இருக்காது. கவென்ட்ரி அண்ணை தன் கப்பைப் பற்றிச் சொன்னது இந்த மாபெரும் வண்டிக்கும் அப்படியே பொருந்துகிறது.

1964 கடைசியில் மில்லர் ஸ்பெயினின் புல்டாகோவுக்குப் போனார். 250 சிசி டூ ஸ்ட்ரோக் ஷெர்பாவை உருவாக்க உதவி, 1965-இல் ஸ்காட்டிஷ் போட்டியை அதில் வென்றார். கனமான ஃபோர் ஸ்ட்ரோக் பிரிட்டிஷ் வண்டிகளின் காலம் அதோடு முடிந்தது.

சென்னையிலிருந்து

எச்என்பி 331 என்று படித்ததும் எழுதாமல் இருக்க முடியவில்லை. ஜானி பிரிட்டன் 1952-லும் 1957-லும் ஸ்காட்டிஷ் போட்டியை ராயல் என்ஃபீல்டில் வென்றார். 350 புல்லட் வம்சம். நம் ஊர்த் தெருவில் ஓடும் புல்லட்டின் தாத்தா ஒரு ட்ரையல்ஸ் வண்டி என்பது இங்கே பலருக்குத் தெரியாது.

1948 தொடக்கத்தில் கோல்மோர் கோப்பைப் போட்டியில்தான் புல்லட்டின் முன்மாதிரிகள் முதன்முதலில் மக்கள் கண்ணில் பட்டன. பின் சக்கரத்துக்கு ஸ்விங் ஆர்மும் ஷாக் அப்சர்பரும் இருந்தது பெரிய பேச்சானது. ட்ரையல்ஸுக்குப் பின்பக்கம் ஸ்பிரிங்கே கூடாது, அசையாத ஃபிரேமில்தான் டயருக்குப் பிடி கிடைக்கும் என்று அன்றைக்கு ஓட்டிய பலரும் உறுதியாக நம்பினார்கள். அதே வருடம் இத்தாலியின் சான் ரெமோவில் நடந்த சர்வதேச ஆறு நாள் போட்டியில் புல்லட் ஓட்டிய சார்லி ரோஜர்ஸும் விக் பிரிட்டனும் தங்கப் பதக்கம் வாங்கினார்கள். விக் பிரிட்டன் ஜானியின் அப்பா. கல்லிலும் சேற்றிலும் சோதித்த அந்த வடிவத்தைத்தான் பிறகு இந்திய ராணுவம் எல்லைக்காகத் தேர்ந்தெடுத்தது. 1955-இல் மெட்ராஸ் மோட்டார்ஸோடு கூட்டு சேர்ந்து கம்பெனி இங்கேயே கால் ஊன்றியது, திருவொற்றியூரில் புல்லட் தயாரானது.

எங்கள் பகுதியில் மூத்த மெக்கானிக் ஒருவர் இருக்கிறார். திருவொற்றியூர் வண்டிகளின் ஆரம்ப காலத்திலிருந்து கை வைத்தவர். ரெடிச் பாகத்தையும் இங்கே செய்த பாகத்தையும் தடவிப் பார்த்தே சொல்வார். என் புல்லட்டைக் கொண்டுபோனபோது, "தம்பி, ஃபிரேம் இங்கத்தது, பின்னாடி ஹப்பு மட்டும் சீமை ஹப்பு" என்றார். எப்படி வந்தது என்று கேட்டேன். ராணுவ ஏலத்தில் எடுத்த வண்டிகளைப் பிரித்துச் சேர்த்தபோது கலந்திருக்கும் என்றார். 2019-இல் கம்பெனி "புல்லட் ட்ரையல்ஸ்" என்று 350-லும் 500-லும் வெளியிட்டதே, அது ஜானி பிரிட்டன் வண்டியின் நினைவாகத்தான். ஷோரூமில் நின்றபோது அதன் கதை கேட்டவர் அதிகமில்லை என்று எனக்குத் தோன்றியது. அந்த நம்பரையாவது நம் ஆட்கள் தெரிந்துகொள்ள வேண்டும்.

எசெக்ஸிலிருந்து

நான் இருப்பது கிரீவ்ஸ் வண்டிகள் தயாரான தண்டர்ஸ்லிக்குப் பக்கம், அதனால் அவற்றைப் பற்றிச் சுருக்கமாக. பெர்ட் கிரீவ்ஸின் உறவினர் டெரி பிரெஸ்டன் காப் நடக்க முடியாதவர். அவருடைய சக்கர நாற்காலிக்கு மோட்டார் வைத்துக் கொடுத்ததில் தொடங்கி, மாற்றுத்திறனாளிகளுக்கான வண்டிகள் செய்யும் இன்வகார் தொழில் ஆனது. மோட்டார் சைக்கிள் அதற்கு அப்புறம்தான். அந்த வண்டிகளுக்காக யோசித்த ரப்பர் சஸ்பென்ஷன்தான் ஆரம்பகால கிரீவ்ஸ் பைக்கிலும். முன்பக்கம் குழாய்க்குப் பதில் வார்த்த அலுமினியக் கட்டை இருக்கும், தூரத்திலிருந்தே அடையாளம் தெரியும். என்ஜின் வுல்வர்ஹாம்டன் வில்லியர்ஸிலிருந்து வாங்கினார்கள்.

1969-இல் பில் வில்கின்சன் கிரீவ்ஸ் ஆங்லியனில் ஸ்காட்டிஷ் போட்டியை வென்றார். பிரிட்டிஷ் வண்டி அதை வென்றது அதுவே கடைசி. பழைய தொழிற்பேட்டைப் பக்கம் நடக்கும்போதெல்லாம் அதைத்தான் நினைப்பேன். நடக்க முடியாத ஒருவருக்காகத் தொடங்கிய தொழில் அது.

கிளாஸ்கோவிலிருந்து

கின்லாக்லெவனில் 1984 முதல் நடக்கும் ப்ரீ 65 போட்டியைப் பார்க்கப் போயிருந்தேன். 1965-க்கு முந்தைய வண்டிகளுக்கானது. பைப்லைன் என்ற இடத்தில் நின்றேன். அலுமினிய ஆலைக்கு மலையிலிருந்து தண்ணீர் இறக்கிய ராட்சதக் குழாய்களை ஒட்டி மேலேறும் கற்பாதை அது. ஒரு பெரிய ஃபோர் ஸ்ட்ரோக் கீழே துடிப்பு எண்ணக்கூடிய வேகத்தில் வந்து, ஒவ்வொரு கல்லாக ஏறியது. புல்டாகோ வந்து இவற்றைத் தள்ளியது நியாயம்தான் என்று நினைத்திருந்தவன், அந்தச் சத்தத்தைக் கேட்டபின் அப்படி நினைப்பதை விட்டேன்.

அங்கே நெருடியது ஒன்று. சில வண்டிகளில் என்ஜின் உறை மட்டுமே பழசு. ஃபிரேம் புதிது, ஹப் புதிது, பழைய ஃபோர்க்குக்குள் இன்றைய பாகங்கள். ஓட்டுவதற்காகச் செய்தால் தவறே இல்லை, பாறைமேல் விழும் வண்டிக்குப் பாகம் மாற்றித்தான் ஆக வேண்டும். அதையே சில வருடம் கழித்து "1958 அணி வண்டி" என்று விற்பதுதான் அநியாயம். கவென்ட்ரிக்காரரின் ஃபிட்டர் செய்த மாற்றத்துக்கும் இதற்கும் உள்ள வித்தியாசம், யார், எப்போது செய்தார்கள் என்பதை எழுதிவைப்பதில் இருக்கிறது.

ஒரு கேள்வி. எனக்கு ஃபிரான்சிஸ் பார்னெட் என்ற பழைய பிரிட்டிஷ் வண்டி ஒன்று கிடைத்திருக்கிறது. நம்பர் பிளேட் இருக்கிறது, காகிதம் ஒன்றுகூட இல்லை. எங்கிருந்து தொடங்குவது?

கவென்ட்ரியிலிருந்து

முதலில் அந்த நம்பர் ஸ்வான்சியில் இருக்கும் அரசு வாகனப் பதிவு அலுவலகத்தின் கணினியில் இருக்கிறதா என்று பாருங்கள். 1974 முதல் பதிவுகள் கவுன்சில்களிடமிருந்து அங்கே போயின, 1983 நவம்பருக்குள் சேர்க்கப்படாத வண்டிகள் கணினிக்கு வரவே இல்லை. கொட்டகையில் கிடந்த ட்ரையல்ஸ் வண்டிகள் நிறைய இப்படி விடுபட்டன. இல்லையென்றால் அந்தக் கவுன்சிலின் பழைய பேரேடு மாவட்ட ஆவணக் காப்பகத்தில் இருக்கிறதா என்று கேளுங்கள். சில இடங்களில் பத்திரமாக இருக்கிறது, சில இடங்களில் அழித்துவிட்டார்கள். டிராய்ட்விச்சில் இருந்த கிட்ஹெட் அறக்கட்டளை பல கவுன்சில்களின் பதிவுகளைக் காத்துவைத்திருந்தது, அவை இப்போது எங்கே இருக்கின்றன என்றும் கேளுங்கள். நம்பரோடு உங்கள் ஃபிரேம் எண்ணும் சேர்ந்த பதிவு கிடைத்தால், அங்கீகாரம் பெற்ற கிளப் மூலம் வி765 படிவத்தில் பழைய நம்பரை மீட்கலாம். கிடைக்காவிட்டால் வயதுக்கேற்ற வேறொரு நம்பர் தருவார்கள். அது பார்க்கப் பழசாக இருக்கும், ஆனால் அதை வைத்து வரலாறு தேட முடியாது.

அதுவரை வண்டியைக் கழுவுவதோடு நிறுத்துங்கள். பெயிண்டை உரிக்க வேண்டாம், ஃபிரேமை மணல் அடிக்கக் கொடுக்க வேண்டாம். அடியில் பழைய பெயிண்ட், வெல்டு வைத்த இடம், கையால் துளைத்த ஓட்டை எல்லாவற்றையும் வெயிலில் வைத்துப் படமெடுங்கள். படங்களை இங்கே போடுங்கள். எசெக்ஸ் நண்பருக்கு வில்லியர்ஸ் நன்றாகத் தெரியும், உங்கள் வண்டியிலும் அந்த என்ஜின் என்றால் எண்ணை அவர் பார்த்துச் சொல்வார்.