ரேடியேட்டர் ஓஸுக்குத் தமிழ்ல என்ன சொல்லலாம்: ‘தூம்பு’க்கு என் ஓட்டு

எல்லாருக்கும் வணக்கம்.

நாலு நாளா இந்த இழையைப் படிச்சுக்கிட்டுத்தான் இருந்தேன், பதில் எழுத நேரம் அமையல. இன்னைக்கு ஞாயித்துக்கிழமை, காலைல இருந்து மழை, கராஜ்ல ஸ்பேனர் புடிச்சா கை விறைக்குது, அதனால உள்ள வந்து உக்காந்துட்டேன், கொஞ்சம் நீளமாப் போகும் பொறுத்துக்கங்க.

எஞ்சினுக்கும் அதோட சூட்டை ஆத்துற ரேடியேட்டருக்கும் நடுவுல தண்ணி கொண்டு போற, வளையிற ஓஸுக்குத் தமிழ்ல என்ன சொல்லலாம்ங்கற கேள்வியை ஆரம்பிச்சவன் நாந்தாங்கறதால ஏன் கேட்டேன்னு மொதல்ல சொல்லிடறேன். இங்க இங்கிலாந்துல வீட்டு கராஜ்லயே கார் கட்டுறது பழைய பழக்கம். 1957ல லோட்டஸ் செவன்ங்கற சின்ன ஸ்போர்ட்ஸ் கார் வந்தப்ப முழுக் காரா வாங்கினா வாங்குதல் வரி கட்டணும், பாகங்களா வாங்கி நாமளே பூட்டிக்கிட்டா அந்த வரி கிடையாது, அதுக்காகவே நிறையப் பேரு கட்டினாங்க. 1973ல வாட் வரி வந்து அந்தச் சலுகை போச்சு, அதே வருஷம் செவனைத் தயாரிக்கிற உரிமை கேட்டர்ஹாம்ங்கற கம்பெனிக்குப் போச்சு, ஆனா வீட்டுல கட்டுற பழக்கம் மட்டும் போகவே இல்ல. நான் கட்டுறதும் அந்தச் சாயல் வண்டிதான், எஞ்சின் ஒரு பழைய மாஸ்டா எம்எக்ஸ்-5ல இருந்து எடுத்தது. கட்டுறதைப் பத்தி தமிழ்ல குறிப்பு எழுதிக்கிட்டு வர்றேன், ஊர்ல இன்ஜினியரிங் படிக்கிற பசங்க சில பேரு படிக்கிறாங்க.

அதுல ஒரு இடத்துல “குழாயோட முனையில வரப்பு மாதிரி மேடு இருக்கணும், அதுக்கு மேல குழாயைச் சொருகி இறுக்கணும்”னு எழுதியிருந்தேன். ஒரு தம்பி அதைப் படிச்சுட்டு ரப்பர்லதான் மேடு வேணும்னு நெனைச்சு ரெண்டு நாள் கடை கடையா அலைஞ்சிருக்காரு. தப்பு அவரு மேல இல்ல. நான் அலுமினியம் பைப்பையும் குழாய்னேன், ஓஸையும் குழாய்னேன். ஃபேக்டரி கார்ல எஞ்சினுக்கும் ரேடியேட்டருக்கும் நடுவுல பெரும்பாலும் ஒரே ஓஸ், அதனால குழப்பம் வராது. வீட்டுல கட்டுற கார்ல ரேடியேட்டர் மூக்குல ஒரு பக்கம், எஞ்சின் பின்னால தள்ளி ஒரு பக்கம், நேரா போற தூரத்துக்கெல்லாம் அலுமினியம் பைப் போட்டு ரெண்டு முனையிலயும் வளையிற எடத்துலயும் மட்டும் ஓஸ் போடுறதுதான் நல்ல வேலை. அப்ப விறைப்பா இருக்கிறதுக்கு ஒரு பேரு, வளைஞ்சு குடுக்கிறதுக்கு ஒரு பேரு கண்டிப்பா வேணும்.

> ‘நெகிழ்குழாய்’ ஏற்கெனவே வழக்கில் இருக்கிறது. புதிதாக இன்னொரு சொல் எதற்கு?

அய்யா, உங்க மேல எனக்கு ரொம்ப மரியாதை, நெகிழ்குழாய் இலக்கணப்படி சரியான சொல்லுதான், தோட்டத்துக்குத் தண்ணி விடற ஓஸுக்கு நானே எழுதுவேன். ஆனா இங்க ரெண்டு சங்கடம் இருக்கு. நெகிழின்னா இன்னைக்கு பிளாஸ்டிக்னு ஆகிப்போச்சு, பள்ளிக்கூடப் புஸ்தகத்துல இருந்து பஞ்சாயத்து போர்டு வரைக்கும் அப்படித்தான் இருக்கு, அதனால நெகிழ்குழாய்னதும் பசங்களுக்கு பிளாஸ்டிக் பைப்புதான் கண்ணுல வரும். இன்னொண்ணு, நெகிழறதுன்னா வளைஞ்சு குடுக்கிறது மட்டும் இல்லீங்க, கழண்டு போறதும் நெகிழறதுதான், சங்கப் பாட்டுல வளை நெகிழ்ந்ததுன்னா கை மெலிஞ்சு வளையல் தானா கழண்டு விழறது. ரேடியேட்டர் ஓஸுக்கு வரக்கூடாத நோவு எதுன்னா அதேதான், அதைப் போயி பேரா வெக்க எனக்கு மனசு வரல.

எனக்கே அது நடந்துச்சு. போன மாசம் மொத தடவை எஞ்சினை நல்லா சூடு ஏறற வரைக்கும் ஓட விட்டேன். மேல் ஓஸை ஒரு அலுமினியம் பைப்புல சொருகி, சுத்தி இறுக்கற உலோகக் கிளிப் போட்டிருந்தேன், பைப் நானே ரம்பத்துல அறுத்தது, முனை வழவழன்னு இருந்துச்சு, மேடு எதுவும் கிடையாது. கிளிப்பை எவ்வளவு இறுக்க முடியுமோ அவ்வளவு இறுக்கியிருந்தேன். ஃபேன் ரெண்டாவது தடவை ஓடி நின்னதும் டப்புனு ஒரு சத்தம், பச்சைத் தண்ணி ஆவியோட கராஜ் கதவு வரைக்கும் அடிச்சுது, நல்லவேளை நான் பின்சக்கரம் பக்கம் நின்னேன். அப்புறம் கணக்குப் போட்டுப் பாத்தேன், 32 மில்லிமீட்டர் வாய், அதோட பரப்பு கிட்டத்தட்ட 8 சதுர சென்டிமீட்டர், ரேடியேட்டர் மூடி 1 பார் வரைக்கும் அழுத்தம் புடிச்சு வெக்கும், அப்ப அந்த ஓஸை வெளிய தள்ளுற விசை 8 கிலோவுக்கு மேல. எட்டு கிலோ அரிசி மூட்டையைக் கட்டித் தொங்கவிட்ட மாதிரி, அதுவும் கூலன்ட்ல, அதான் அந்தப் பச்சைத் தண்ணில, கலந்திருக்கிற கிளைகால்ங்கற (glycol) திரவம் வழுக்கிக் குடுக்குது. கிளிப்போட இறுக்கம் மட்டும் அதைத் தாங்கும்னு நம்பவே கூடாது.

அந்த மேட்டுக்கு இங்கிலீஷ்ல மணின்னு அர்த்தம் வர்ற சொல்லு இருக்கு, நான் வரப்புன்னே எழுதப்போறேன். வயல்ல தண்ணி தாண்டிப் போகாம நிக்கறதுக்குத்தான வரப்பு, இங்கயும் அதே வேலைதான். கிளிப் வரப்புக்கு மேல உக்காரக் கூடாது, வரப்பைத் தாண்டி உள்பக்கம் உக்காரணும், அப்பத்தான் ஓஸ் வெளிய வரப் பாத்தா வரப்பு முட்டிப் புடிக்கும்.

கிளிப்புக்கு ‘இறுக்கி’, ‘கவ்வி’ ரெண்டும் வந்திருக்கு. கவ்வின்னா வாய் மாதிரி ஒரு பக்கம் புடிக்கிறது, இது சுத்திப் புடிக்கிறது. நம்ம வீட்டு உலக்கை நுனியில சுத்தி ஒரு இரும்பு வளையம் இருக்குமே, அதுக்கு பூண்னுதான பேரு, அதையே எடுத்துக்கலாம்னு தோணுது. திருகிப் போடறது திருகுப்பூண், ஸ்பிரிங் மாதிரி தானா இறுக்கிப் புடிக்கிறது வில்பூண். திருகுப்பூண் 1921ல லம்லி ராபின்சன்னு ஒரு பிரிட்டிஷ் கடற்படை அதிகாரி காப்புரிமை வாங்கினது, ஜூபிலி கிளிப்னுதான் இன்னைக்கும் இங்க பேரு. பழைய காலத்துப் பொருள்னு வில்பூணை யாரும் எளப்பமா நெனைக்காதீங்க, ரப்பர் சூட்டுல விரிஞ்சு குளிர்ல சுருங்கும்போது அதுவும் கூடவே விரிஞ்சு சுருங்கும், திருகுப்பூண் இருந்த எடத்துலயே இருக்கும். குளிர்காலத்துல காலைல மட்டும் சொட்டுற வண்டிங்க பல சமயம் அதனாலதான்.

> ரப்பர்க் குழாய் என்றால் எல்லோருக்கும் புரியுமே.

புரியும், ஆனா சிலிகான்ல வர்றதை என்ன பண்றது. இந்த ஓஸ் வாங்கப் போனா மொத கேள்வியே அதுதான், ஈபிடிஎம் ரப்பரா சிலிகானான்னு. ஈபிடிஎம் கறுப்பா இருக்கும், உள்ள நூல் பின்னல் இருக்கும், 125 டிகிரி வரைக்கும் தாங்கும். தண்ணி 1 பார் கூடுதல் அழுத்தத்துல கொதிக்கிறதே 120 டிகிரிலதான், அதனால சாதாரண ரோட்டு வண்டிக்கு அது போதும்னுதான் நான் நெனைக்கிறேன். சிலிகான் 180 கிட்ட வரைக்கும் தாங்கும், நீலம் செவப்புன்னு கலர் கலரா அழகா இருக்கும், எத்தனையோ வருஷம் விறைக்காம இருக்கும், எக்ஸாஸ்ட் பக்கத்துல போற எடத்துக்கு அதுதான் சரி. ஆனா சிலிகான் வழியா நீராவி கொஞ்சம் கொஞ்சமா கசிஞ்சு போகும், எங்கயும் ஈரமே தெரியாது, ஆனா மாசக்கணக்குல பாத்தா கூலன்ட் தொட்டியில மட்டம் இறங்கியிருக்கும். மேல எண்ணெய் பட்டாலும் கெட்டுப் போகும், ஈபிடிஎம்முக்கும் எண்ணெய் ஆகாது. அப்புறம் சிலிகான் ரொம்ப மெது, பட்டையில ஓட்டை போட்ட திருகுப்பூண் போட்டா அந்த ஓட்டை வழியா பிதுங்கி வெட்டுப்படும், உள்பக்கம் வழவழன்னு இருக்கிற பூண்தான் போடணும்.

ஈபிடிஎம்முக்கு ஒரு கெட்ட குணம் உண்டு, வெளிய பளபளன்னு இருக்கும்போதே உள்பக்கம் விரிசல் விடும், கூலன்டும் உலோகமும் சேர்ந்து ஒரு மின்வேதி வேலை நடந்து பூண் பக்கத்துலதான் மொதல்ல அரிக்கும். எஞ்சின் ஆறின பிறகு பூணுக்கு ஒட்டின எடத்தை ரெண்டு விரல்ல அமுக்கிப் பாருங்க, நடுப்பகுதியை விட அங்க கொழகொழன்னு இருந்தா, இல்ல உள்ள நரநரன்னு பட்டா, மாத்திடுங்க.

> தூம்பு என்றால் ஏரி மதகு. அது கல்லில் கட்டியது. வளையும் பொருளுக்கு எப்படிப் பொருந்தும்?

இதுதான் நல்ல கேள்வி, ராத்திரி ரொம்ப நேரம் யோசிச்சேன். ஏரித் தூம்பு வளையாதுதான். ஆனா புறநானூத்துல யானையோட தும்பிக்கையை ‘தூம்புடைத் தடக்கை’ன்னு சொல்லியிருக்கு, உள்ள பொள்ளலா இருக்கிற கைன்னு அர்த்தம். தும்பிக்கை எப்படி வேணா வளையும், தண்ணியை உறிஞ்சும், உறிஞ்சும்போது உள்வாங்கி ஒட்டிப்போகாது. ரேடியேட்டர் ஓஸ் கிட்ட நாம எதிர்பாக்கிறதும் அதேதானுங்களே!

அந்த ஒட்டிப்போகாததுதான் பலபேரு மறந்துடற விஷயம். மேல் ஓஸ்ல சூடும் அழுத்தமும்தான் பாடு, கீழ் ஓஸ் நேரா வாட்டர் பம்ப் வாய்க்குப் போறதால அங்க உறிஞ்சல். எஞ்சினை ஆறாயிரம் சுத்துக்கு முடுக்கினா பம்ப் இழுக்கிற இழுப்புல மெல்லிசான ஓஸ், ஸ்ட்ரா போட்டு உறிஞ்சின பாக்கெட் பால் மாதிரி உள்வாங்கிடும், தண்ணி வராது, சூடு சரசரன்னு ஏறும், நிறுத்தி பானட்டைத் தொறந்து பாத்தா பழையபடி உருண்டையா நிக்கும், எதுவுமே தெரியாது. அதனால கீழ் ஓஸ் கெட்டிச் சுவரா இருக்கணும், இல்ல உள்ள ஸ்பிரிங் கம்பி போட்டிருக்கணும். எந்தப் பக்கமும் வளைக்கலாம்னு விக்கிறாங்களே அந்த மடிப்பு மடிப்பா இருக்கிற ஓஸ், அதை நான் போட மாட்டேன், ஒவ்வொரு மடிப்பும் ஓட்டத்தைத் தடுக்கும், மடிப்புலதான் வெடிப்பும் விழும்.

இன்னொண்ணும் சொல்லணும். பொள்ளாச்சி பக்கம் எங்க அப்பிச்சி தோட்டத்துல மாடு பூட்டிக் கிணத்துல தண்ணி இறைக்கிற பழைய கவலைச் சால் ஒண்ணு மாட்டுக்கொட்டாய்ல கெடந்துச்சு. சாலுக்கு அடியில தோல்ல தைச்ச ஒரு வாய் நீளமா தொங்கும், அதுதான் வால், அதை இழுக்கிற கயிறு வால்கயிறு. வளையிற குழாய் வழியா தண்ணி கொண்டு போறது நமக்கு வெளியூர்ல இருந்து வந்த யோசனை இல்ல. மொதல்ல ‘வால்’னே வெக்கலாமான்னு கூட நெனைச்சேன், ஆனா எஞ்சின்ல ஏற்கெனவே வால்வு இருக்கு, வாயால சொல்லிப் பாத்தா ரெண்டும் ஒண்ணாக் கேக்குது, அதனால விட்டுட்டேன்.

ஆக என் ஓட்டு தூம்புக்கு. விறைப்பானது குழாய், வளையிறது தூம்பு. மேல்தூம்பு, அடித்தூம்பு. தொண்ணூறு டிகிரி, நாப்பத்தஞ்சு டிகிரில வளைச்சு வார்த்தது முழங்கைத் தூம்பு. ஒரு பக்கம் 35, மறுபக்கம் 32ன்னு வர்றது ஒடுங்கு தூம்பு, இது எனக்கு ரெண்டு எடத்துல தேவைப்பட்டுச்சு, பெரிய தூம்பைச் சின்னக் குழாய்ல போட்டு பூணை இறுக்கினா சுருக்கம் விழுந்து அந்தச் சுருக்கத்துலயே ஒழுகும், அந்த வேலை மட்டும் பண்ணாதீங்க. இப்ப அந்தத் தம்பிக்காக எழுதின வரியை மாத்திப் பாருங்க: “குழாயோட முனையில வரப்பு இருக்கணும், தூம்பை அதுக்கு மேல சொருகி, வரப்பைத் தாண்டிப் பூண் போடணும்.” ஒரு சந்தேகமும் வராது. ஒர்க்‌ஷாப்ல மெக்கானிக் அண்ணன் டாப் ஓஸ்னுதான் சொல்லுவாரு, சொல்லட்டும், அவரைத் திருத்தறது நம்ம வேலை இல்ல, எழுதறப்ப கைக்கு ஒரு சொல்லு இருக்கணும்ங்கறதுதான் எனக்கு.

ரேடியேட்டருக்கு ‘கதிர்வீசி’ன்னு ஒருத்தர் எழுதியிருந்தாரு. அது இங்கிலீஷ் பேரோட தப்பையும் சேத்து மொழிபெயர்த்த மாதிரி இருக்கு, அது சூட்டைக் கதிரா வீசறது கொஞ்சந்தான், பெரும்பங்கு மேல படற காத்துதான் எடுத்துட்டுப் போகுது. காபி ஆத்துறோமே அதே வேலை, அதனால ‘ஆற்றி’ நல்லா இருக்கும், ஆனா அதுக்குத் தனி இழை போடலாம்.

அளவு எடுக்கறது எப்படின்னு கேட்டவங்களுக்கு: எஞ்சினும் ரேடியேட்டரும் அதது எடத்துல உக்காந்த பிறகுதான் எடுக்கணும். எஞ்சின் ரப்பர் மவுண்ட்ல ஆடும், ரேடியேட்டர் சேஸிஸ்ல ஆடாம நிக்கும், அந்த ஆட்டத்தைத் தாங்கத்தான் தூம்பே இருக்கு, அதனால விறைப்பா இழுத்துக் கட்டாம கொஞ்சம் வளைவு விடணும். வெல்டிங் கம்பி ஒண்ணை எடுத்து இந்த வாய்ல இருந்து அந்த வாய்க்குப் போற பாதை மாதிரியே வளைச்சுக்கிட்டு, ஸ்டியரிங் தண்டு, பெல்ட் எதுலயும் உரசாம இருக்கான்னு பாத்துட்டு, அந்தக் கம்பியோட ஸ்பேர் பார்ட்ஸ் கடைக்குப் போங்க. ஏதோ ஒரு கார்க்கு வார்த்த ஈபிடிஎம் தூம்பு அந்த வளைவுக்குக் கிட்டத்தட்ட இருக்கும், ரெண்டு முனையும் வெட்டிக்கிட்டா கச்சிதமா உக்காரும். என் மேல்தூம்பு அப்படிக் கிடைச்சதுதான், எந்தக் காரோடதுன்னு பாக்காம கம்பியைப் பக்கத்துல வெச்சு வெச்சுப் பாத்ததுல பதினேழாவது தூம்பு பொருந்துச்சு.

இன்னும் ஒரு சொல்லு பாக்கி இருக்கு. செவன் மாதிரி வண்டில மூக்கு தாழ்வு, ரேடியேட்டர் எஞ்சினை விட கீழ உக்காரும், அதனால காத்து எஞ்சின் தலையிலயே தங்கிடும், தொட்டியை எல்லாத்துக்கும் மேல வெச்சு, மேட்டுல ஒரு சின்னத் திருகு வெச்சு காத்தை வெளிய விடணும். ஊர்ல ‘ஏர் எடுக்கறது’ம்பாங்க. ‘காத்தெடுப்பு’ன்னு எழுதலாமா, வேற ஏதாவது இருக்கா, சொல்லுங்க. அடித்தூம்புக்குக் கம்பி வளைச்சு வெச்சிருக்கேன், சனிக்கிழமை கடைக்குப் போறேன், கிடைச்சா அளவோட எழுதுறேன்.