பழைய ஃபோக்ஸ்வேகன் பஸ்ஸின் கதவுகளுக்கு ஒரே சாவியில் இயங்கும் மாற்றுப் பூட்டுகள் கிடைக்குமா?

கேள்வி

வணக்கம். என்னிடம் ஃபோக்ஸ்வேகன் டைப் 2 பஸ் ஒன்று இருக்கிறது. முன்கண்ணாடி நடுக்கம்பி இல்லாமல் ஒரே பரப்பாக வளைந்திருக்கும் இரண்டாம் தலைமுறை வண்டி அது. ஆவணங்களில் 1971 என்று பதிவாகியுள்ளது. எனக்கு முன் வைத்திருந்தவர்கள் கைக்குக் கிடைத்த பூட்டையெல்லாம் பொருத்திக்கொண்டே வந்திருப்பதால், வண்டியைக் கிளப்ப ஒரு சாவி, ஓட்டுநர் கதவுக்கு ஒரு சாவி, பின்கதவுக்கு இன்னொன்று என்று கொத்தாக வைத்திருக்க வேண்டியிருக்கிறது; ஸ்லைடிங் கதவுக்கோ சாவியே இல்லை. ஓட்டுநர் கதவில் சாவி உள்ளே போகிறது, ஆனால் பல வேளைகளில் பாதி திரும்பியதும் நின்றுவிடுகிறது. அடுத்த பக்கத்து முன்கதவில் சாவி தாராளமாகச் சுற்றுகிறது, கதவுதான் பூட்டுவதில்லை. “எல்லா ஆண்டு வண்டிகளுக்கும் பொருந்தும்” என்ற உறுதியோடு இணையத்தில் விற்கப்பட்ட கைப்பிடி ஒன்றை வாங்கிப் பார்த்தேன். அதன் திருகுத் துளைகள் கதவில் உள்ள துளைகளோடு ஒத்துவரவில்லை. எல்லாக் கதவுகளுக்கும் ஒரே சாவியில் இயங்கும் பூட்டுத் தொகுதி கிடைக்குமா, கிடைத்தால் எதைப் பார்த்து வாங்க வேண்டும் என்று அனுபவமுள்ளவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும்.

மறுமொழி 1

பூட்டைத் தேடுவதற்கு முன் வண்டியின் ஆண்டை உறுதிசெய்துகொள்ளுங்கள். ஆவணத்தில் உள்ள ஆண்டை நம்பி உதிரிபாகம் வாங்கினால் இப்படித்தான் துளைகள் தவறிப்போகும். ஃபோக்ஸ்வேகன் தன் மாடல் ஆண்டை ஆகஸ்ட் மாதத்தில் தொடங்கியது. ஆகவே 1971 ஆகஸ்டுக்குப் பின் தயாரான வண்டி 1972 மாடலாகவே கணக்கிடப்படும். என்ஜின் அறையின் வலப்புறத்தில் பொறிக்கப்பட்டுள்ள சேசிஸ் எண்ணைத் துடைத்துப் படித்துப் பாருங்கள். முதல் இரண்டு இலக்கங்கள் வண்டியின் வகையையும், மூன்றாவது இலக்கம் மாடல் ஆண்டின் கடைசி எண்ணையும் குறிக்கும். இந்தத் தலைமுறைக்குள்ளேயே கைப்பிடிகள் மாறியிருக்கின்றன. 1968 மாடலின் முன்கதவுக் கைப்பிடி, அடுத்த ஆண்டு முதல் வந்ததிலிருந்து வேறுபட்டது. ஆகவே எல்லா ஆண்டுக்கும் பொருந்தும் என்று ஒருவர் எழுதியிருந்தால் அந்த விளம்பரத்தைக் கடந்துபோய்விடுவது நல்லது.

நிறுவனத்தின் பாக எண்ணைப் படிக்கத் தெரிந்தால் தேடல் பாதியாகக் குறைந்துவிடும். முதல் மூன்று இலக்கங்கள் வண்டி வகை (211 என்பது டைப் 2), நடு மூன்று இலக்கங்கள் பாகம் சேர்ந்த தொகுதி: முன்கதவின் கைப்பிடியும் பூட்டும் 837இலும், ஸ்லைடிங் கதவுக்கு உரியவை 843இலும் வரும். இடம் வலம் என இரண்டாக வரும் பாகங்களில், ஒற்றைப்படையில் முடியும் எண் இடப்பக்கத்துக்கும் இரட்டைப்படையில் முடியும் எண் வலப்பக்கத்துக்கும் உரியது. விற்பவர் அனுப்பும் புகைப்படத்தில் அந்த எண் தெரிந்தால், கேட்க வேண்டிய கேள்விகள் பாதியாகக் குறைந்துவிடும்.

இன்னொன்று: உங்கள் இரண்டு முன்கதவுகளுக்கும் நோய் வெவ்வேறு. சாவி பாதியில் நிற்பது, பூட்டில் சாவி நுழைந்து திரும்பும் உருளையின் கோளாறு. சாவி சுற்றியும் கதவு பூட்டாமல் இருப்பது, உருளையின் பின்முனையில் உள்ள நீட்சி முறிந்ததாலோ கதவுக்குள் இருக்கும் கொண்டி தேய்ந்ததாலோ இருக்கலாம். கதவைத் திறந்து வைத்துக்கொண்டு, ஒரு திருப்புளியால் கொண்டியை மூடிய நிலைக்குத் தள்ளிவிட்டு, உட்புறப் பூட்டு விசையை அழுத்திப் பாருங்கள். அப்போது வெளிக்கைப்பிடி கொண்டியை விடுவிக்காவிட்டால் கொண்டி நன்றாக இருக்கிறது, பழுது கைப்பிடிப் பக்கம்தான். சோதனை முடிந்ததும் கொண்டியைப் பழைய நிலைக்கு விடுவிக்காமல் கதவைச் சாத்திவிடாதீர்கள்.

மறுமொழி 2

மேலே சொன்ன அனைத்தும் சரி. ஆனால் புதிய பூட்டு வாங்குவதைக் கடைசி வழியாகவே வைத்துக்கொள்ளுங்கள் என்பேன். இந்த வண்டிகளில் உள்ள உருளை மிகவும் எளிமையானது. உள்ளே மெல்லிய பித்தளைத் தகடுகள் வரிசையாக நிற்கும். ஒவ்வொன்றின் நடுவிலும் ஒரு செவ்வகத் திறப்பு, பக்கத்தில் ஒரு சிறு ஸ்பிரிங். சரியான சாவி நுழையும்போது எல்லாத் தகடுகளும் உருளையின் மேற்பரப்போடு சமமாக அடங்கும், உருளை திரும்பும். ஒரு தகடு மயிரிழை அளவு வெளியே நீட்டிக்கொண்டிருந்தாலும் அது கூட்டின் பள்ளத்தில் மாட்டிக்கொள்ளும். உங்கள் ஓட்டுநர் கதவில் நடப்பது பெரும்பாலும் இதுதான்: சாவியோ தகடோ தேய்ந்திருக்கும், அல்லது பல ஆண்டுகளாக விட்ட எண்ணெய் தூசியோடு சேர்ந்து பிசினாகி ஸ்பிரிங்குகளைப் பிடித்திருக்கும். இந்தப் பூட்டுகளுக்குக் கிராஃபைட் தூள் போதும்.

உருளையைக் கூட்டிலிருந்து எடுக்கும்போது சாவி உள்ளேயே இருக்கட்டும், இல்லையென்றால் தகடுகள் தெறித்துவிடும். ஒளிபுகும் நெகிழிப் பைக்குள் கைவிட்டு வேலை செய்தால் தப்பிய ஸ்பிரிங் பைக்குள்ளேயே கிடக்கும். தகட்டின் முகத்தில் பொறித்திருக்கும் சிறு எண் அதன் திறப்பின் உயரத்தைக் குறிக்கும். நான்கு பூட்டுகளிலிருந்தும் தகடுகளை எடுத்து எண்வாரியாகப் பிரித்து, ஒரே சாவியின் வெட்டுகளுக்கு ஏற்ப வரிசையை மாற்றி அடுக்கினால், எல்லாக் கதவுகளும் அந்த ஒரு சாவிக்குத் திறக்கும். சாவியின் குறுக்குவெட்டு வடிவம் மட்டும் எல்லா உருளைகளிலும் ஒன்றாக இருக்க வேண்டும். பழைய சாவிகளில் கே, எஸ்சி, எஸ்வி போன்ற எழுத்துகள் பொறித்திருப்பது அந்த வடிவத்தைச் சொல்லத்தான். எழுத்து வேறானால் சாவி துவாரத்தில் நுழையவே நுழையாது.

நீட்டிய தகட்டை அரத்தால் ராவிச் சமன்செய்துவிடலாம் என்று சிலர் சொல்வார்கள். அவ்வாறு ராவப்பட்ட தகடு ஒவ்வொன்றும் பூட்டிலிருந்து கழன்ற காவல் என்றே கொள்ள வேண்டும். நாளடைவில் வேறு சாவிகளும் அதைத் திறக்கத் தொடங்கும்.

மறுமொழி 3

பழையதைப் போற்றும் மனநிலை எனக்கும் உண்டு, ஆனாலும் சற்று மாறுபடுகிறேன். கைப்பிடியின் அச்சாணித் துளை நீள்வட்டமாகத் தேய்ந்து, விசையை அழுத்தும்போது கைப்பிடியே ஆடுமளவுக்குப் போயிருந்தால், உள்ளே உருளையை எவ்வளவு பக்குவமாக அடுக்கினாலும் பயன் குறைவு. அப்போது காற்றால் குளிரும் என்ஜின் கொண்ட ஃபோக்ஸ்வேகன்களுக்கென்றே பாகம் விற்பவர்களிடமோ, அந்த நிறுவனத்தின் கிளாசிக் பார்ட்ஸ் பிரிவிடமோ, பிரித்து விற்கப்படும் பழைய வண்டிகளிலோ கைப்பிடியைத் தேடலாம். பழையதைப் பார்த்துப் புதிதாகச் செய்யப்படும் நகல் கைப்பிடிகளில் வார்ப்பு கரடுமுரடாகவும் குரோமியப் பூச்சு மெல்லியதாகவும் இருப்பதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். பின்முனை நீட்சியின் நீளம் பழையதோடு ஒத்திருக்கிறதா என்று பக்கத்தில் வைத்து அளந்த பிறகே பொருத்துங்கள். புதிய கைப்பிடிக்குள் உங்கள் பழைய உருளை உட்காருமானால் இரண்டு வழியின் நன்மையும் கிடைத்துவிடும்.

வண்டியைக் கிளப்பும் பூட்டை இதில் சேர்க்காமல் விட்டுவிடலாம் என்பது என் கருத்து. அது ஸ்டீயரிங்கையும் பூட்டுவது. ஓடும்போது சிக்கிக்கொண்டால் விளைவு வேறு. அரைகுறையாக அடுக்கிய உருளையை அங்கே வைக்க வேண்டாம்.

கேள்வி கேட்டவர்

அனைவருக்கும் நன்றி. சேசிஸ் எண்ணின் மூன்றாவது இலக்கம் 2 என்று இருக்கிறது, ஆக இது 1972 மாடல். கொண்டிச் சோதனையில் கொண்டி சரியாகவே பிடித்தது. பூட்டாத முன்கதவின் கைப்பிடியைக் கழற்றியபோது உருளையின் பின்நீட்சி பாதியில் முறிந்து, முறிந்த துண்டு பழைய கிரீஸில் புதைந்து கிடந்தது. ஓட்டுநர் பக்க உருளையை வெளியே எடுத்து, சாவியை நுழைத்துப் பார்த்தால், நுனிப் பக்கத்துத் தகடு ஒன்று மட்டும் அடங்காமல் நீட்டிக்கொண்டு நிற்கிறது. உருளையின் பக்கவாட்டில் எழுத்தும் எண்ணுமாக ஒரு குறியீடும் தெரிகிறது. அந்தத் தகட்டை மாற்றுவதா, சாவியை மாற்றுவதா?

மறுமொழி 2 எழுதியவர்

முதலில் சாவியை மாற்றுங்கள். அந்தக் குறியீடு, தொழிற்சாலையில் சாவி எப்படி வெட்டப்பட்டது என்பதைச் சொல்லும் எண். உங்கள் கையில் இருக்கும் சாவியை வைத்து நகல் எடுத்தால் அதன் தேய்மானமும் சேர்ந்தே நகலாகும். குறியீட்டைக் கொடுத்து, அந்த எண்ணுக்கு வெட்டித் தரத் தெரிந்தவரிடம் புதிய சாவி கேளுங்கள். புதிய சாவியிலும் அந்தத் தகடு நீட்டினால், முன்பு யாரோ அதை மாற்றியிருக்கிறார்கள் என்று பொருள். அப்போது தகட்டைப் பார்க்கலாம். நீட்சி முறிந்த உருளையிலிருந்து எடுக்கும் தகடுகளை எறிந்துவிடாதீர்கள், ஸ்லைடிங் கதவின் பூட்டை அடுக்கும்போது அவை தேவைப்படும். குறியீட்டைப் பொதுவில் இங்கே பதிவிடவும் வேண்டாம்.