ஊசி பயாப்ஸியில் ‘கதிர்வடிவச் செல்கள்’: வகையை ஏன் உறுதியாகச் சொல்வதில்லை?

கேள்வி:
என் அக்காவின் மார்பகக் கட்டியில் ஊசி மூலம் எடுத்த பயாப்ஸியின் அறிக்கையில், ‘கதிர்வடிவச் செல்கள் (நீண்டு, இரு முனையும் கூம்பியவை) மிகுந்த கட்டி, முழுமையாக அகற்றிய பிறகே வகையை உறுதிசெய்ய இயலும்’ என்று எழுதியிருக்கிறார்கள். ஐ.எச்.சி. சோதனையில் (செல்களிலுள்ள குறிப்பிட்ட புரதங்களைச் சாயமேற்றிக் காட்டுவது) ஒரு சைட்டோகெரட்டின் (பெரும்பாலான மார்பகப் புற்றுநோய்ச் செல்களில் இருக்கும் புரதம்) நெகட்டிவ் என்றும் உள்ளது. அப்படியானால் புற்றுநோய் இல்லை என்றுதானே பொருள்?

மறுமொழி 1 (நோயியல் துறையில் இருப்பவன்):
அப்படிப் பொருள் கொள்ள வேண்டாம். தழும்பு, ஃபைப்ரோமடோசிஸ் (பரவாத, ஆனால் சுற்றுத்திசுவுக்குள் வளரும் நார்த்திசுக் கட்டி), ஃபில்லோட்ஸ் கட்டி (மார்பக இணைப்புத் திசுவில் எழும் கட்டி), அரிதாக மெட்டாபிளாஸ்டிக் புற்றுநோய் (செல்கள் வேறு வகைச் செல்களைப் போல உருமாறும் மார்பகப் புற்றுநோய்) என எல்லாவற்றிலும் இச்செல்கள் தென்படும். கடைசியாகச் சொன்னது மார்பகப் புற்றுநோய்களில் ஏறத்தாழ 1 விழுக்காடோ அதற்கும் குறைவோதான். ஆனால் அதன் வீரியம் குறைந்த வகையில் செல்கள் மிகச் சாதுவாகத் தோன்றுவதால், வழக்கமான சாயமிட்ட ஸ்லைடில் அது தழும்பு போலவே இருந்து ஏமாற்றிவிடும். சைட்டோகெரட்டினையும் அது ஆங்காங்கேதான் காட்டும். சில வேளைகளில் ஒரு மார்க்கரில் (ஐ.எச்.சி.யில் தேடும் புரதம்) தெரியாதது இன்னொன்றில் தெரியும். அதனால்தான் பல கெரட்டின்களையும் பி63 என்ற மார்க்கரையும் சேர்த்துப் பார்க்கிறோம். என்னைக் கேட்டால், ஒரே ஒரு கெரட்டினை நம்பிப் புற்றுநோய் இல்லை என்று முடிக்கும் அறிக்கையைவிட, உங்களுக்கு வந்திருக்கும் அறிக்கையே நேர்மையானது.

மறுமொழி 2:
மாதிரியின் அளவையும் கருத வேண்டும். 14 கேஜ் (ஊசியின் பருமன் அளவு) ஊசியில் கிடைப்பவை 2 மி.மீ.க்கும் குறைந்த தடிமனுள்ள இழைகள். ஃபில்லோட்ஸ் கட்டியின் இலை போன்ற மடிப்புகளும், அதன் விளிம்பு சுற்றுத்திசுவுக்குள் ஊடுருவியிருக்கிறதா என்பதும் முழுக் கட்டியில்தான் சரியாகத் தெரியும். சிடி34 என்ற மார்க்கர் பாசிட்டிவாக இருந்தால் ஃபில்லோட்ஸ் பக்கம் சாயலாம். ஆனால் வீரியம் மிக்க ஃபில்லோட்ஸில் அது மங்கிப்போவதும், பி63 ஆங்காங்கே ஏறுவதும் உண்டு என்பதால் குழப்பம் கூடுகிறது.

கேட்டவர்:
இருவருக்கும் நன்றி. அறுவைசிகிச்சைக்கு முன் நாங்கள் செய்யக்கூடியது ஏதேனும் உண்டா?

மறுமொழி 1:
மார்பக நோயியலில் அனுபவம் மிக்க மற்றொருவரிடம் மறு ஆய்வுக்குக் கொடுக்கலாம். ஸ்லைடுகளோடு பாரஃபின் பிளாக்கையும் (திசு மாதிரியைப் பதித்து வைத்திருக்கும் மெழுகுக் கட்டி) கேட்டு வாங்குங்கள். பிளாக் இருந்தால்தான் புதிய மார்க்கர்களைப் போட்டுப் பார்க்க முடியும். ஸ்கேன் அறிக்கையையும், அதே மார்பகத்தில் முன்பு ஊசியோ அறுவையோ நடந்திருந்தால் அந்த விவரத்தையும் தவறாமல் இணையுங்கள். அது தெரியாவிட்டால் ஆறிவரும் காயத்தின் செல்களே கட்டியாகத் தோன்றக்கூடும். மறு ஆய்வு முடியும்வரை அறுவையைத் தள்ளிவைக்கலாமா என்பதை மட்டும் அறுவைசிகிச்சை மருத்துவரிடம் முன்னதாகவே பேசிவிடுங்கள்.