ஹால்ஸ்டாட்டில் ஒரே ஒரு நாள், அம்மாவோடு: போய் வந்தவர்கள் சொல்லுங்களேன்

வணக்கம். அக்டோபர் நடுவில் சால்ஸ்பர்க்கில் நாலு நாள் இருப்போம். அதில் ஒரு நாளை ஆஸ்திரியாவின் ஹால்ஸ்டாட்டுக்கு ஒதுக்கியிருக்கிறேன். கூட வருவது அம்மா. 67 வயது, சமதரையில் எவ்வளவு தூரமும் நடப்பார், படி என்றால்தான் முழங்கால் மக்கர் பண்ணும்.

காலை ரயில், ஆட்நாங்-புக்ஹைமில் மாறி ஏறணும். ஸ்டேஷன் ஏரிக்கு அக்கரையில் இருப்பதால் படகில் ஊருக்குள் போவோம். அப்புறம் சந்தைச் சதுக்கம், ஏரிக்கரைத் தெரு எல்லாம் நடைதான்.

எனக்கு முக்கியம் மலைச்சரிவில் இருக்கும் கத்தோலிக்கத் தேவாலயத்தின் எலும்பு வீடு. இடுகாட்டில் இடம் போதாமல் பழைய குழிகளைத் தோண்டி, எலும்புகளை வெயிலில் வெளுக்க வைத்து அடுக்கியிருக்கிறார்கள். 1,200க்கு மேல் மண்டையோடுகள். பாதியளவு ஓடுகளின் நெற்றியில் பூவும் இலையும் வரைந்து பெயரும் எழுதியிருக்கிறதாம். அம்மாவிடம் இன்னும் சொல்லவில்லை!

என் சந்தேகங்கள்:

அந்தத் தேவாலயத்துக்குப் படி ஏறாமல், சரிவுப் பாதையில் போக வழி உண்டா? 1846இல் உப்புச் சுரங்க அதிகாரி ராம்சாவர் தோண்டத் தொடங்கிய பழங்காலக் கல்லறைகள் ஊருக்கு மேலே உப்பு மலையில் இருக்கின்றன. ஊரையும் சுற்றி, அங்கேயும் ஏறி இறங்க ஒரு நாள் போதுமா, இல்லை அதை விட்டுவிட்டு ஊர் மியூசியத்தோடு நிறுத்திக்கொள்ளலாமா?

கடைசிப் படகைத் தவறவிட்டவர்கள் யாராவது இருந்தால், எப்படித் திரும்பினீர்கள் என்றும் சொல்லுங்கள். அப்படியே, சைவச் சாப்பாடு கிடைக்குமா, தயிர்சாதம் கட்டிக்கொண்டு போய்விடவா?